பதினேழாம் நாளிலிருந்து

துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று நம் ஊரில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். சேதி காதில் விழுந்ததும் கிளம்பிவிட வேண்டும். ஆண்கள் பந்தலடியில் நிற்கும் பங்காளிகளின் கையைத் தொட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவார்கள். பெண்கள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சாப்பாடு சம்பந்தி வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வரும். கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்துவிட வேண்டும். பால் தெளிப்பதற்கு ஒரு நாள், கருமாதிக்கு ஒரு நாள், கோடி எடுப்பதற்கு ஒரு முறைக்காரர் என்று எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். சாதிக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப நாள் கணக்கு மாறும். சிலருக்குப் பத்து, சிலருக்குப் பதிமூன்று, பலருக்குப் பதினாறு.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறைகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரு பெரிய நன்மையை மறுக்க முடியாது. கணவனை இழந்தவள் அந்தப் பதினாறு நாளும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்க மாட்டாள். ராத்திரி அவள் பக்கத்தில் யாராவது ஒரு அத்தையோ சித்தியோ பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

சிக்கல் பதினேழாம் நாள் தொடங்குகிறது. பந்தல்காரர் கம்புகளை வண்டியில் ஏற்றிவிடுவார். வெளியூர் உறவுகள் பஸ் ஏறிவிடும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கொழுந்தனாருக்கு வேலை. அன்றிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடம் சம்பிரதாயம் எதுவும் இல்லை. சிநேகிதியின் வேலை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பமாகிறது. பதினாறு நாள் உறவுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அடுத்த பதினாறு மாதத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

முதலில் பேச்சு. 'என்ன சொல்றதுன்னே தெரியல' என்று பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். அதையே சொல்லலாம். 'என்ன சொல்றதுன்னு தெரியலடி, உன்னைப் பார்க்கணும்னு வந்தேன்' என்பது போதும். அதற்கு மேல் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கும்போதுதான் வாய் தவறுகிறது. 'விதி', 'கொடுத்து வெச்சது அவ்வளவுதான்', 'கஷ்டப்படாமப் போயிட்டார், நல்ல சாவு', 'பிள்ளைங்களுக்காக மனசைத் தேத்திக்கோ', 'நீயே அழுதா அதுங்க என்ன பண்ணும்' என்பவை எல்லாம் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. ஆனால் கேட்கிறவளுக்கு ஒவ்வொன்றும் 'சீக்கிரம் அழுகையை நிறுத்து' என்றுதான் கேட்கிறது. 'அவர் உடம்பைக் கவனிச்சிருக்கலாம்', 'அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பார்' என்ற ரகம் இன்னும் மோசம். அவள் ஏற்கெனவே தூக்கமில்லாமல் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று, 'எப்படி ஆச்சு?' என்ற கேள்வி. வருகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்பார்கள். அவளும் ராத்திரி நெஞ்சு வலி வந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது வரை மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். சிலருக்கு அப்படிச் சொல்லிச் சொல்லி மனசு லேசாகும். பலருக்குப் புண்ணைக் கிளறுவதாக இருக்கும். நெருங்கிய சிநேகிதியாக நீங்கள் இருந்தால் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கு விவரத்தை நீங்களே சொல்லி உள்ளே அனுப்புங்கள். யாரும் கேட்டுக்கொள்ளாத உதவி இது. பெரிய உதவி.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களையும் கர்ப்பிணிகளையும் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த வாதத்தில் இறங்க உங்களுக்குத் தெம்பில்லை என்றால் போனிலாவது காரணத்தைச் சொல்லிவிடுங்கள். வராததை அவள் மன்னிப்பாள். ஒரு வார்த்தைகூட வராதது மனதில் நிற்கும். மூன்று மாதம் கழித்துத்தான் சேதி தெரிந்தது என்றால் அப்போதும் போகலாம். 'இப்பப் போய் எப்படிக் கேட்கறது' என்று தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் வாசலுக்கு வருகிறவர்கள் குறைவு.

வாட்ஸ்அப்பில் ஒரு மாலைப் படமும் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற வரியும் குழுவுக்குப் போடலாம், அவளுக்குத் தனியாகப் போடும்போது போதாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'சேதி கேட்டதிலேருந்து உன் ஞாபகமாவே இருக்கு. உங்க வீட்டுக்கு எப்ப வந்தாலும் அண்ணன் தானே எழுந்து போய் காபி போட்டுத் தருவாரே, அதை நினைச்சுட்டே இருக்கேன். பதில் போட வேண்டாம். சனிக்கிழமை காலைல வரேன், மதியச் சாப்பாடு நான் கொண்டு வரேன்.' இதில் அவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு நினைவு இருக்கிறது. பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அவளுக்கு விடுதலை இருக்கிறது. நாள் குறித்த ஒரு வாக்கும் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை கட்டாயம் போய்விட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

'எதுவா இருந்தாலும் கூச்சப்படாமக் கேளு' என்பது நாம் எல்லோரும் சொல்வது. இதில் ஒரு வேலை அவள் தலையில்தான் விழுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, யாரைக் கேட்கலாம் என்று முடிவு செய்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு போன் பண்ண வேண்டும். அந்த நிலையில் இருப்பவளால் அது ஆகாது. அதனால் கேட்காமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். 'இந்த வாரம் முழுக்கப் பையனை டியூஷன்லேருந்து நான் கூட்டிட்டு வரேன்.' 'உன் சிலிண்டர் புக் பண்ணிட்டேன்.' இரண்டு நாளைக்கு வரும் இட்லி மாவை அரைத்துக் கொண்டுபோய் அவள் பிரிட்ஜில் வைத்துவிட்டு வாருங்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவளாக இருந்தால் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தன் மாத்திரையை மறப்பது இந்த நாட்களில் மிகச் சாதாரணம்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்தக் குறை. பூவையும் பொட்டையும் எடுப்பது, வளையலை உடைப்பது, தாலியைக் கழற்றுவது. சில குடும்பங்களில் இவை நின்றுவிட்டன. பல குடும்பங்களில் இன்னும் கருமாதியை ஒட்டி, ஊர்ப் பெண்கள் முன்னால் நடக்கின்றன. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம் 2022 மே மாதம் கிராமசபையில் தீர்மானம் போட்டே இந்தச் சடங்குகளை நிறுத்தியது; அதைப் பார்த்து அந்த மாநில அரசும் மற்ற ஊராட்சிகளைப் பின்பற்றச் சொன்னது. நம் ஊரில் அப்படி ஊர் கூடி முடிவெடுக்கும் வரை காத்திருக்க முடியாது. கருமாதிக்கு நான்கைந்து நாள் முன்னதாகவே, யாரும் இல்லாத நேரத்தில், 'உனக்கு இது வேணுமா, வேண்டாமா?' என்று அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், அந்த வீட்டில் யார் சொன்னால் எடுபடுமோ அவரிடம் போய்ப் பேசுங்கள். மாமியார், மூத்த நாத்தனார், தாய்மாமா என்று அது வீட்டுக்கு வீடு மாறும். சடங்கு நடக்கும் நேரத்தில் போய்ச் சத்தம் போட்டால் பழி அவள் மேல்தான் விழும். வேண்டும் என்று அவள் சொன்னால் அதையும் மதியுங்கள். உங்கள் கொள்கையை நிரூபிக்கும் இடம் அவள் வீடு இல்லை.

தோழி இஸ்லாமியர் என்றால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. அந்தக் காலத்தில் அவர் வீட்டிலேயே இருப்பார். நீங்கள் போய்ப் பார்ப்பதற்குத் தடையில்லை. கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை அந்தக் காலம். வெளிவேலைகளுக்கு ஆள் தேவைப்படுவது இத்தா காலத்தில்தான். கிறிஸ்தவத் தோழி என்றால் நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று, கல்லறைக்குக் கூடப் போய் நில்லுங்கள்.

அடுத்து காகித வேலை. ஆறுதல் பற்றிய கட்டுரையில் சான்றிதழ் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். குடும்பத்தில் பண விவகாரத்தை அவரே பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், அவள் பயத்தில் பாதி இதைப் பற்றியதுதான்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அதற்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் நடந்த மரணத்தை ஆஸ்பத்திரியே தெரிவித்துவிடும். வீட்டில் நடந்தால் குடும்பத்தார்தான் போய்ச் சொல்ல வேண்டும். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு. பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ளபடியே பதிகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் பிறகு ஒவ்வொரு மேஜையிலும் திருப்பி அனுப்புவார்கள். அதன் பிறகு இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம், தாசில்தார் தருவது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோரும் சம பங்குள்ள முதல் வகுப்பு வாரிசுகள். மாமியார் பெயரும் சான்றிதழில் இருப்பதைப் பார்த்து அவள் கலங்க வேண்டியதில்லை.

அவர் பெயரிலுள்ள பாஸ்புக்குகளை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் பொதுவாக 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்கு தொடங்கும்போது எங்கோ கையெழுத்துப் போட்டது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வங்கிக்கு உடனே எழுதிக் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அவர் பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால் சேமிப்புத் தொகை, மனைவிக்கு மாத ஓய்வூதியம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. முதல் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் இருவருக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியமும் உண்டு. வீட்டுக் கடன் இருந்தால் அதோடு காப்பீடு சேர்த்து எடுக்கப்பட்டதா என்று கடன் கொடுத்த இடத்தில் கேளுங்கள். ஆதரவற்ற விதவைகளுக்குத் தமிழக அரசு தரும் மாத உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தகுதியிருந்தால் அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

அவருடைய சிம் கார்டை உடனே ரத்து செய்ய வேண்டாம். பல கணக்குகளுக்கான சேதிகள் அந்த எண்ணுக்குத்தான் வரும். அதே நேரத்தில், அவர் இறந்த பிறகு அவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுப்பது சட்டப்படி சரியல்ல; வங்கிக்குத் தெரிவித்து முறையாகப் பெறுவதே நல்லது. நாமினி இருந்தால் வங்கிப் பணத்துக்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை, இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கொடுத்து வாங்கலாம். 'உங்களுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க' என்று வரும் அழைப்புகளைப் பற்றி அவளிடம் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவையுங்கள்.

கடன்காரர்கள் வருவார்கள். அவர் வாங்கிய கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. அவளே சேர்ந்து வாங்கியிருந்தால், அல்லது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அவள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். ஆகவே புதிதாக எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதை அவள் மனதில் பதியவையுங்கள். குறிப்பாக விடுதலைப் பத்திரம். 'வெறும் சம்பிரதாயம்தான், பிரச்சினை வராம இருக்க' என்று சொல்லிக் கருமாதி முடிந்த கையோடு பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிற உறவினர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கையெழுத்துப் போட்டால் பங்கு போயிற்று. 'வக்கீல்கிட்ட காட்டிட்டுப் போடறேன்' என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லாவிட்டால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கெட்ட பேர் உங்களுக்கு வரட்டும்.

இனி மனசு. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் சுற்றுகிறது: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது. அவர் பேசியது தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம். பின்னால் அது துணையை இழந்தவர்களுக்கும் ஒட்டவைக்கப்பட்டது. அந்தப் படிகளை வைத்து உங்கள் தோழியை அளக்க வேண்டாம். எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் ஊஞ்சல்போல் போய்வருகிறார்: ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் அன்றாட வேலை, புதுப் பொறுப்பு. காலையில் மின்கட்டணம் கட்டிவிட்டு வடிவேலு காமெடிக்குச் சிரிப்பாள். மாலையில் அவர் சட்டையை மடிக்கும்போது உடைந்துபோவாள். இரண்டும் உண்மை, இரண்டும் தேவை. அவள் சிரிப்பதைப் பார்த்து 'அதுக்குள்ள மறந்துட்டா பாரு' என்று யாராவது சொன்னால் நீங்கள் சும்மா இருக்காதீர்கள்.

அவர் பேரைச் சொல்லுங்கள். ஞாபகப்படுத்திவிடுவோமோ என்று பயந்து எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். அவள் மறந்திருந்தால்தானே ஞாபகப்படுத்த! 'இந்தக் குழம்பு அண்ணனுக்குப் பிடிக்கும் இல்ல?' என்று கேட்டால் அவள் அழலாம். அழட்டும், பக்கத்தில் இருங்கள். திருமண நாள், அவர் பிறந்தநாள், முதல் தீபாவளி, முதல் பொங்கல், வருஷத் திதி ஆகிய தேதிகளை உங்கள் போன் காலண்டரில் இப்போதே போட்டுவையுங்கள். அந்த வருஷம் அந்த வீட்டில் பண்டிகை இருக்காது. எல்லா வீட்டிலும் வெடிச் சத்தம் கேட்கும் அன்று அவளுக்குப் போன் பண்ண ஒருவர் வேண்டும்.

சில அறிகுறிகளைத் துக்கம்தானே என்று கடந்துபோகக் கூடாது. ஒரு வருஷம் ஆன பிறகும் ஏறக்குறைய தினமும் முதல் வாரம்போலவே இருக்கிறாள், குளிப்பது சாப்பிடுவதுகூட நடக்கவில்லை, யாரையும் பார்ப்பதில்லை என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. 2022-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இந்த நீடித்த துக்கத்தைத் தனி நோயாகவே சேர்த்தது. 'அவர் போன இடத்துக்கே போயிடலாம் போல இருக்கு' என்று சொன்னால் எத்தனையாவது நாளாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், 'செத்துப்போகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம்.

இதுவரை தோழி என்றே எழுதினேன். மனைவியை இழந்த நண்பரின் கதை வேறு மாதிரி. அவருக்குச் சடங்குக் கொடுமை இல்லை. ஆனால் அவரிடம் யாரும் 'எப்படி இருக்கே?' என்று கேட்பதும் இல்லை. வருஷம் திரும்புவதற்குள் 'வேற பொண்ணு பாக்கலாமா' என்று தரகர் வந்துவிடுவார். பிரிட்டனில் 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-இல் வெளிவந்த ஆய்வில், மனைவி இறந்த முதல் ஆறு மாதத்தில் அவர்களின் இறப்பு எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. வயதான ஆண் நண்பர் என்றால் சோற்றையும் மாத்திரையையும் கவனியுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து மனம் திறக்கப் பல ஆண்களுக்கு வராது. சாயங்கால நடைக்குக் கூட்டிப்போங்கள், பேச்சு தானே வரும்.

மிச்சமிருப்பது விசேஷ வீடுகள். கணவனை இழந்த பெண்கள் நாட்டில் 4 கோடிக்கு மேல் இருப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. இத்தனை பேரையும் எதிரில் வந்தால் ஆகாது என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்தில் ஒரு கோயிலுக்குள் விதவை என்பதற்காக ஒரு பெண்ணைத் தடுத்த வழக்கில், இந்த நாகரிகமற்ற வழக்கத்தை அனுமதிக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது. நீதிமன்றம் கோயில் கதவைத் திறக்கலாம். நம் வீட்டு வளைகாப்பிலும் நிச்சயதார்த்தத்திலும் அவளைப் பின்வரிசை நாற்காலியில் உட்காரவைப்பதை நாம்தான் நிறுத்த வேண்டும். வருஷம் கழியட்டும் என்று அவள் வீட்டில் பார்த்தால் அதுவரை பொறுங்கள். அதன் பிறகு உங்கள் வீட்டில் வரும் முதல் விசேஷத்துக்கு அவள் வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வையுங்கள். குங்குமச் சிமிழை அவள் பக்கமும் நீட்டுங்கள், எடுப்பதும் எடுக்காததும் அவள் இஷ்டம். ஆரத்தி எடுக்க ஆள் தேடும் நேரம் வரும்போது, மற்றவர்கள் முகம் சுளித்தாலும், அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.